நாலு விரலுக்கு ஒரு முடிச்சு

கொழிஞ்சாம்பாறை
8 செப்டம்பர் 2024

தம்பி அருண்பாண்டிக்கு,

போனில் என் நம்பரை நீ அடைத்துவைத்து நாலு மாதம் ஆகிறது. தபால்காரரை அடைக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் உடம்பின்மேல் சங்கத்துக்காரர்கள் போர்த்திய கொடியை நான் இழுத்து எடுத்தது எடுத்ததுதான். நாளைக்கு நடந்தாலும் எடுப்பேன்.

இது வேறு காரியம். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழாசிரியர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கேரளத்தில் நம் சனங்கள் பேசும் தமிழுக்கு ஓர் அகராதி தொகுக்கிறோம். சம்பளம் கிடையாது, டீயும் வடையும் உண்டு. என் பங்குக்கு ‘ம’ வரிசை வந்தது. ஆள் கணக்கெடுக்கிற ‘மஸ்டர்’ எல்லாம் தாண்டி ‘மூவர்ணம்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுத வேண்டும், அது எங்கிருந்து பிறந்தது என்று சான்றோடு எழுத வேண்டும், கடைசியில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியம் மட்டும் நம் இஷ்டம், ‘பூனை பால் குடித்தது’ என்பது போல எதையாவது எழுதிக்கொள்ளலாம்.

முதல் பொருள் சுலபம். தேசியக் கொடி. மலையாளத்தில் திரிவர்ண பதாகை என்பார்கள். மூன்று பட்டைக் கொடியை முதலில் கப்பலில் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள், அதற்கு ‘மூன்று நிறம்’ என்றே பேர் வைத்து ஊரெல்லாம் பரப்பியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அந்தப் பேர் இங்கிலீஷ் வழியாக இங்கே வந்து நாம் ‘மூ’ சேர்த்துக்கொண்டோம். இதில் சண்டை இல்லை. நடுவில் நீலச் சக்கரம் இருக்கும்போது எப்படி மூன்று வர்ணம் ஆகும் என்று ஒரு சார் கேட்டு இரண்டு மணி நேரம் போனது. நீலத்தை யாரும் எண்ணுவதில்லை சார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்தேன்.

இரண்டாவது பொருள் நம் கல்லம்பாறை எஸ்டேட்டில் மட்டும் இருப்பது. நல்லதம்பி மாமாவின் சங்கத்தை லயத்து வரிசைவீடுகளில் எல்லாரும் ‘மூவர்ணம்’ என்கிறார்களே, அது. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கொடி. அந்தப் பேரை முதலில் வைத்தது யார்? நான் பதினேழு வயதில் மலையிறங்கிவிட்டேன். நீ அங்கேயே இருக்கிறாய். தெரிந்ததை எழுது.

பிள்ளை மௌனிகா எப்படிப் படிக்கிறாள்?

செல்வலட்சுமி


கல்லம்பாறை எஸ்டேட், மேல் டிவிஷன்
மூணாறு
19 செப்டம்பர் 2024

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. டச்சுக்காரன் கப்பலில் கொடி கட்டிய கதை நன்றாக இருந்தது. இங்கே என் கதையையும் கேள்.

கம்பெனியில் இருந்து கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டில் இருந்து யாரும் தோட்டத்தில் வேலை பார்க்கவில்லை, அதனால் அக்டோபர் 31-க்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், என் பேர் அவர்கள் புத்தகத்தில் இல்லை. என் வீட்டுக்காரி ஜானகி கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று கேட்டாள், புதிதாக ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மௌனிகாவுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. மூணாறில் வாடகைக்கு ஒரு ரூம் கேட்டால், டூரிஸ்ட்டுக்குச் சொல்லுகிற ரேட்டை எனக்கும் சொல்லுகிறான்.

இந்த மாதிரி நேரத்தில் சங்கத்துக் கன்வீனர் போய் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு மாதம் நீட்டித் தருவார்கள். எத்தனையோ குடும்பத்துக்குத் தந்திருக்கிறார்கள். நல்லதம்பி மாமாவும் சொல்லுகிறதாக இருந்தது. யார் கெடுத்தது? பிணத்தைச் சுற்றி இருநூறு பேர் நிற்கும்போது, மனுசன் கைகட்டி நிற்கும்போது, நீ கொடியை உருவி ஹேண்ட்பேக்கில் திணித்துக்கொண்டு கார் ஏறிவிட்டாய். உனக்குக் கோபம் தீர்ந்தது. எனக்குக் கூரை போச்சு.

அந்தக் கொடி சாதாரணக் கொடி இல்லை. சங்க ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முதல் கொடி. போன வாரமும் மாமா வழியில் நிறுத்திக் கேட்டார்: “ஏப்பா, ஒங்க அக்கா எங்க பெட்டிய காலி பண்ணிட்டுப் போயிட்டா. கொடி வந்தா மத்தத பேசலாம்.”

அனுப்பி வை. பேர் வைத்தவன் யார் என்று பிறகு பார்க்கலாம்.

அருண்பாண்டி


கொழிஞ்சாம்பாறை
28 செப்டம்பர் 2024

அருணுக்கு,

வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் கொடியை அனுப்ப மாட்டேன்.

உனக்கு மறந்துவிட்டதா? பெண்கள் எந்தச் சங்கமும் வேண்டாம் என்று கொடியே இல்லாமல் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த வருஷம், அம்மாவும் ஒன்பது நாள் மழையில் உட்கார்ந்தாள். எனக்கு போன் பண்ணினாள். “ஏ செல்வி, இவனுவ நம்மள வித்துட்டானுவ. நாஞ் செத்தா இவனுவ கொடி எம்மேல படக்கூடாது, பாத்துக்கோ” என்றாள். நான் பார்த்துக்கொண்டேன். என்மேல் என்ன தப்பு? செத்துப் போனவளால் எதிர்த்துப் பேச முடியாது என்று தெரிந்து போர்த்தினார்கள். அவளைப் பார்த்துச் சங்கத்தை விட்டுப்போன பெண்களெல்லாம் அதைப் பார்க்க வேண்டும், ‘முத்துப்பேச்சியே கடைசியில் நம்ம ஆளுதான்’ என்று நினைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் துக்கம். அதற்கு நீ தலையாட்டிக்கொண்டு நின்றாய். எனக்கு அம்மா போனதைவிட அதுதான் ஆறவில்லை.

முதல் கொடியோ கடைசிக் கொடியோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். எடுத்துவந்த அன்றைக்கு பீரோவின் அடித்தட்டில் போட்டேன். இதுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். தென்னந்தோப்பில் மோட்டார் ரூமை ஒட்டி இரண்டு அறை சும்மா கிடக்கிறது. உன் அத்தானிடம் சொன்னேன். “இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? மாப்பிள்ளைய வரச்சொல்லு” என்றார். அவர் அப்படித்தான்.

செல்வி


கல்லம்பாறை
11 அக்டோபர் 2024

அக்கா,

மௌனிகாவைப் பாதி வருஷத்தில் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முடியாது. நீயே டீச்சர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தானுக்கு என் நன்றியைச் சொல்.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன். நீ என்னைத் தலையாட்டி என்று எழுதிய பிறகு அந்த வாக்கைக் காப்பாற்ற எனக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். நல்லதம்பி மாமா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நான் வெளியே போய் நிற்கிறேன் என்றேன், அம்மா விடவில்லை. “இருல, நீயுங் கேளு” என்றாள். அவரிடம் நேராகக் கேட்டாள்: “நாஞ் செத்ததும் கொடியத் தூக்கிட்டு வருவேரு. எனக்குத் தெரியும். வேண்டாம்னு எம்மவன் சொல்ல மாட்டான். ஆனா எம் பேத்தி பரீட்ச முடியுத வரைக்கும் அந்த வீட்டுல கை வைக்கக்கூடாது. மேனேஜர்கிட்ட நீரு பேசணும். சரின்னா போத்தும்.” அவர் சரி என்றார். “புதுக்கொடி வேண்டாம். நாந் தச்சதக் கொண்டாரும்” என்றாள். அதற்கும் சரி என்றார். அவர் போனபின் நான் அழுதேன். “இப்ப என்னத்துக்கு அழுத? செத்தவளுக்கு நெறம் எதுக்கு? ஒனக்கு வீடு வேணும்லா. செல்விகிட்ட சொல்லாத, அவ ரோசக்காரி, வந்து சண்ட போடுவா” என்றாள். சொல்லாமலே வந்து போட்டாய்.

நாந் தச்சது என்றாளே, அதையும் கேட்டேன். அப்போது உனக்கு நாலு வயது, நான் கைப்பிள்ளை. 1986. மூன்று டிவிஷன் கொழுந்தும் ஒரே கொட்டகையில் நிறுவை. எந்தச் சாக்கு எந்த டிவிஷன் என்று தெரிய, சாக்கு வாயில் துணி கட்டுவார்கள். மேல் டிவிஷனுக்குச் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், கீழே பச்சை. நிறுக்கிற ஆள் ஒரு நாள் சிவப்பில் எடையை வெட்டுவான், மறுநாள் பச்சையில் வெட்டுவான். வெட்டுப்படாத டிவிஷன் பேசாமல் இருக்கும். ஒரு நாள் பெண்கள் எல்லாத் துணியையும் அவிழ்த்துவிட்டார்கள். ஒரு சாக்கிலும் அடையாளம் இல்லை. யாரை வெட்டுவான்? மத்தியானம் முழுக்க கொழுந்து அப்படியே கிடந்து சூடேறிக் கெடப் பார்த்தது. மேனேஜர் துரை பணிந்து இறங்கி வந்தார். அவிழ்த்த துணியை எல்லாம் அம்மா உட்கார்ந்து கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து கொழுந்துக்கு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பில் கட்டிவிட்டாளாம். யாரோ ஒருத்தி, “ஏட்டி, பள்ளிக்கூடத்துல ஆகஸ்ட்டுக்கு ஏத்துதாவள்ளா, அது மாதிரி இது நம்ம மூவர்ணம்” என்று கத்த, எல்லாரும் சிரித்தார்களாம். அடுத்த வருஷம்தான் ஆண்கள் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள். கொடி தயாராக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

உன் அகராதிக்கு வேண்டியது இதுதானே? நம்பாவிட்டால் பீரோவைத் திற. தையலைப் பார்.

அருண்


கொழிஞ்சாம்பாறை
18 அக்டோபர் 2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பீரோ பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் திறந்தேன்.

ஒரே துணியில் மூன்று பட்டை என்று நினைத்திருந்தேன். இல்லை. கையகலத் துண்டு துண்டாக அறுபத்தொரு துணி. சிவப்பிலேயே நாலு விதச் சிவப்பு. பச்சையில் ஒரு துண்டு யாருடைய பாவாடைக் கரையோ. சணல் நூல். நாலு விரலுக்கு ஒரு முடிச்சு. எனக்கு அம்மா தைத்துக் கொடுத்த பள்ளிக்கூடப் பைக்கும் அதே முடிச்சுதான். “ஒரு எடத்துல நூலு அத்தா முழுசும் பிரியக்கூடாதுல்லா” என்பாள். எத்தனை வருஷம் அந்தப் பையைத் தூக்கியிருக்கிறேன்! நான் அந்தக் கொடியை ஹேண்ட்பேக்கில் திணித்தேனே, அருண். கையில் இருந்ததைப் பார்க்கக்கூட இல்லையே. பாவி நான்.

உன் அத்தான் தோப்பில் இருந்து வந்தவர், நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, சோறு ஆக்கலயா?” என்று கேட்டார். பிறகு துணியைப் பார்த்தார். அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

எனக்காக வருத்தப்பட்டுக்கொள்ள இப்போது நேரமில்லை. அம்மா ஒரு ஏற்பாடு பண்ணிவிட்டுப் போனாள், அவளுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான்தான் அதை உடைத்தேன். கொடியை அனுப்புகிறேன். வீடு நிற்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நல்லதம்பி மாமாவிடம் சங்கத்து லெட்டர்பேடில் ஒரே ஒரு வரி வாங்கித் தா: ‘இக்கொடியைத் தைத்தவர் முத்துப்பேச்சி.’ எங்கள் குழுவில் சான்று இல்லாமல் பிறப்பு எழுத விடமாட்டார்கள். போட்டோ எடுத்துக் காட்டினேன். ‘துணி பேசாது டீச்சர், ஆள் சொல்ல வேண்டும்’ என்கிறார்கள். மகன் சொன்னான் என்றால் குடும்பப் பெருமை என்பார்கள். முதன்முதலில் கத்தியவளின் பேரும் கிடைத்தால் எழுது.

செல்வி


கல்லம்பாறை
29 அக்டோபர் 2024

அக்கா,

கத்தியது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் கத்தரீனாள் சித்தி மட்டும்தான் உயிரோடு இருக்கிறார். அவருக்கு இப்போது ஆளே தெரியவில்லை. என்னைப் பார்த்து, “கொழுந்து நிறுத்தாச்சா?” என்று கேட்டார்.

மாமாவிடம் நீ கேட்ட ஒரு வரியைக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. சங்கத்து வரலாறு புத்தகமாகவே இருக்கிறதாம், ஏழு முன்னோடிகள் பேரும் போட்டோவும் அதில் இருக்கிறதாம். “ஒங்க அம்மா நல்லாத் தைப்பா, இல்லேங்கல. அதுக்காக அவ பேர எழுதிக் கொடுத்தா, நாளைக்கு இன்னொருத்தி வந்து கம்பு நாந்தான் வெட்டுனேன்னு நிப்பா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதோடு விடவில்லை. கொடி மட்டும் போதாதாம். இருநூறு பேர் முன்னால் உருவியதற்கு நீ உன் கையெழுத்தில் எழுதித் தர வேண்டுமாம். என்ன எழுத வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். அதை ஆபீசில் ஒட்டுவார்களாம். அது வந்த அன்றைக்கே மேனேஜரைப் பார்க்கிறாராம். அதுவரைக்கும் என்று நவம்பர் 15 வரை தவணை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

எழுது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதாதே என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. ஜானகி சாமான்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். மௌனிகா கட்டிவைத்த பெட்டியின்மேல் நோட்டை வைத்துப் படிக்கிறாள். நான் ரொம்பக் களைத்துவிட்டேன் அக்கா. ஜீப்பில் ஏறுகிறவர்கள், “எவ்வளவு அழகான ஊர், கொடுத்துவைத்தவர் நீங்கள்” என்கிறார்கள். ஆமாம் சார் என்கிறேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதியே அனுப்பு. போனில் கேட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம்.

அருண்


கொழிஞ்சாம்பாறை
6 நவம்பர் 2024

தம்பி,

இத்துடன் ரிஜிஸ்தர் பார்சலில் கொடி வருகிறது. இஸ்திரி போடவில்லை, சணல் பொசுங்கிவிடும். மஞ்சளில் ஒரு மூலை நைந்திருக்கிறது. தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன், அம்மாவின் முடிச்சு எனக்கு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கொடிக்கு நடுவே அவர் கேட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன். நீயும் ஒரு தரம் படித்துவிட்டுக் கொடு. இதுதான்:

‘கல்லம்பாறை எஸ்டேட் தொழிலாளர் சங்கத்துக்கு, வணக்கம். என் தாயார் காலமான அன்று, அவர் உடல்மேல் மரியாதையுடன் போர்த்தப்பட்ட சங்கக் கொடியை நான் அறியாமையால் அகற்றினேன். அக்கொடி சங்கத்தை நிறுவிய முன்னோடிகளால் உருவாக்கப்பட்டது. அதன்மேல் எனக்கோ என் குடும்பத்துக்கோ எவ்வித உரிமையும் இல்லை. என் செயலுக்கு வருந்துகிறேன். இப்படிக்கு, மு. செல்வலட்சுமி, தமிழாசிரியை.’

எழுத்து கோணாமல் எழுதியிருக்கிறேன். இருபது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, கோணவில்லை. அதில் ‘அறியாமையால்’ என்பது ஒன்றுதான் உண்மை. எழுதி முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அம்மாவும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இப்படித்தான் எதையோ விழுங்கியிருப்பாள். அவள் விழுங்கிவிட்டு உன்னிடம் சிரித்துப் பேசினாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

வீடு மார்ச் வரைக்கும் நின்றால் போதும். பரீட்சை முடிந்த மறுநாள் உன் அத்தான் லாரியோடு வருகிறார். மறுப்புச் சொல்லாதே. மௌனிகாவிடம் பெட்டியை அவிழ்த்துப் போட்டு, மேசையில் உட்கார்ந்து படிக்கச் சொல்.

அகராதிக் குழு சனிக்கிழமை கூடியது. ‘மூவர்ணம்’ இரண்டாம் பொருளுக்குப் பிறப்பு கேட்டார்கள். என் கையாலேயே வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான், எந்த முகத்தோடு சொல்வேன்? தெரியவில்லை என்றேன். அப்படியே போடச் சொல்லிவிட்டார்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தை வழக்கம்போல யாரும் படித்துப் பார்க்கவில்லை. ஒரு சார் தலையாட்டினார், அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள். நேற்று அச்சுக்குப் போயிற்று. உனக்கு மட்டும் நகல் எழுதுகிறேன்:

மூவர்ணம் (பெயர்ச்சொல்). 1. இந்திய தேசியக் கொடி. 2. (மூணாறு, எஸ்டேட் வழக்கு) சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளாலான கொடி. அக்கொடியுடைய தொழிலாளர் சங்கம். பிறப்பு: தெரியவில்லை. எ-டு: முத்துப்பேச்சி, நாலு விரலுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மூவர்ணம் தைத்தாள்.

அக்கா